நட்சத்திர ஆமை என்று எதைச் சொல்கிறோம்?

பெட்டிக்குள் அடைத்துக் கடத்தப்பட்ட நட்சத்திர ஆமைகள் விமான நிலையத்தில் பிடிபட்டன என்ற செய்தியைத் தமிழ் நாளிதழ் படிப்பவர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். பெயர் அந்த அளவுக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் மனத்தில் கொள்ளும் பொருள் ஒன்றாக இல்லை. நட்சத்திர மீனைப் போல இதுவும் கடலில் வாழ்வது என்று சிலர் எண்ணுகிறார்கள். முதுகில் கோலம் உள்ள எந்த ஆமைக்கும் இதுவே பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். நட்சத்திரம் என்றதும் பிறந்த நட்சத்திரமும் ராசியும் நினைவுக்கு வருவது நம் வழக்கம் என்பதால், வீட்டில் வைத்திருந்தால் யோகம் தரும் பிராணி என்று நம்புவோரும் இருக்கிறார்கள். இந்த மூன்று எண்ணங்களும் தவறானவை. மூன்றும் பெயரைப் பற்றிய குழப்பத்திலிருந்தே தொடங்குவதால், பெயரின் இரண்டு பகுதிகளையும் தனித்தனியே எடுத்து விளக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பட்டப்பெயரும் பதிவேட்டுப் பெயரும்

ஓர் ஊரில் செல்வம் என்ற பெயருடையவர்கள் மூன்று பேர் இருந்தால் ஊரார் அவர்களைக் கண்ணாடி செல்வம், தையற்கடை செல்வம், மேலத்தெரு செல்வம் என்று பிரித்து அழைப்பார்கள். அந்த ஊருக்குள் இதில் எந்தக் குழப்பமும் வராது. ஆனால் பக்கத்து ஊரிலும் ஒரு கண்ணாடி செல்வம் இருக்கக்கூடும். அதே மனிதரை அவர் மனைவியின் ஊரில் வேறொரு பெயரால் அழைக்கவும் கூடும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இந்தப் பெயர்கள் எதுவும் செல்லாது. அங்கே தலைப்பெழுத்துடன் கூடிய பெயர் வேண்டும்.

உயிரினங்களுக்கும் இவ்வாறே இரண்டு வகைப் பெயர்கள் உண்டு. மக்கள் பேச்சில் வழங்குவதைப் பொதுப்பெயர் என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் அடையாளம், வாழும் இடம், தென்படும் காலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு அது உருவாகிறது. ஊருக்கு ஊர் மாறவும் செய்கிறது. உலகம் முழுவதற்கும் ஒன்றாக, இரண்டு சொற்களால் அமைவது அறிவியல் பெயர். அதன் முதற்சொல் நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதியைக் குறிக்கும். அத்தொகுதிக்குப் பேரினம் என்று பெயர். இரண்டாம் சொல் அதற்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட இனத்தைச் சுட்டும். தமிழர் பெயரில் தலைப்பெழுத்து முன்னே நிற்பதுபோல, அறிவியல் பெயரிலும் பேரினப் பெயர் முன்னே நிற்கிறது. விலங்குகளுக்கு இந்த இருசொல் முறையைச் சீராகப் பயன்படுத்தியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். அவருடைய வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758-ஆம் ஆண்டே விலங்குப் பெயரிடலுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

பொதுப்பெயர் தாழ்ந்தது, அறிவியல் பெயர் உயர்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நம் கடற்கரை மீனவர்கள் கடல் ஆமைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் அவற்றுக்குள் எவ்வளவு கூர்மையான கவனிப்பு இருக்கிறது என்பது விளங்கும். முதுகில் நீளவாக்கில் ஏழு மேடுகள் ஓடுவதைக் கண்டு ஒன்றை ஏழுவரி ஆமை என்றார்கள். முட்டையிடக் கரையேறும் காலத்தைக் கொண்டு இன்னொன்றைப் பங்குனி ஆமை என்றார்கள். உருவின் பெருமையைக் கொண்டு மற்றொன்றைப் பேராமை என்றார்கள். ஆனால் இப்பெயர்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட மக்கள், ஒரு குறிப்பிட்ட கடற்கரையில், தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக உருவானவை. அந்த வட்டத்துக்கு வெளியே எடுத்துச் செல்லும்போதுதான் விளக்கம் தேவைப்படுகிறது. நட்சத்திர ஆமை என்ற பெயருக்கு நேர்ந்திருப்பதும் அதுவே.

ஆமை என்ற சொல் எவ்வளவு பேரை உள்ளடக்குகிறது?

சங்க இலக்கியத்தில் யாமை என்றும், பிற்காலத்தில் ஆமை என்றும், வடமொழி வழியே கூர்மம், கமடம் என்றும் இந்தப் பிராணி தமிழில் குறிக்கப்படுகிறது. இவற்றுள் எந்தச் சொல்லும் நிலத்தில் வாழ்வதையும் நீரில் வாழ்வதையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. ஓடு சுமந்த ஊர்வன அனைத்தும் நமக்கு ஆமைதான். உலகில் ஏறத்தாழ 360 இன ஆமைகள் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. வாழ்முறையைக் கொண்டு அவற்றை மூன்று பெரும் பிரிவுகளாகப் பார்க்கலாம்.

கடல் ஆமைகளின் கால்கள் துடுப்பாக மாறியிருக்கும். முட்டையிடுவதற்குப் பெண் ஆமை மட்டுமே கரைக்கு வரும். ஆறு, குளம், ஏரிகளில் வாழும் நன்னீர் ஆமைகளுக்கு விரல்களுக்கிடையே சவ்வு இருக்கும். அவை நீரிலும் கரையிலுமாக வாழும். நில ஆமைகளின் கால்கள் யானைக் கால்களைச் சிறிதாக்கியதுபோல உருண்டு திரண்டு இருக்கும். விரல்கள் தனித்துத் தெரியாமல் நகங்கள் மட்டுமே முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். அவை நடப்பதற்கான கால்கள், நீந்துவதற்கானவை அல்ல.

நட்சத்திர ஆமை முழுமையான நில ஆமை. புல், இலை, கீழே விழுந்த பழம், சப்பாத்திக்கள்ளி போன்றவற்றை உண்டு, வறண்ட புதர்க்காட்டிலும் புல்வெளியிலும் வாழ்வது. மழைக்காலத்தில் அதன் நடமாட்டம் அதிகமாக இருக்கும். கடும் வெயிலில் புதரடியில் ஒதுங்கிவிடும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆமை என்றாலே தண்ணீர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்திருப்பதால், சாலையோரத்தில் கண்ட நட்சத்திர ஆமையை இரக்கத்துடன் எடுத்துச் சென்று கிணற்றிலோ கோயில் குளத்திலோ விடுகிற வழக்கம் இருக்கிறது. அந்தக் கனமான ஓட்டையும் தூண் போன்ற கால்களையும் வைத்துக்கொண்டு ஆழ்நீரில் அது நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. கரையேற வழியில்லாத கிணற்றில் அது மூழ்கி இறந்துபோகும். காப்பாற்ற நினைத்த கையே அதற்கு எமனாகிவிடுகிறது. அந்த மனிதரிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. நில ஆமை என்ற ஒரு சொல் அவரிடம் சேராததே குறை.

வேறு மொழிகளில் இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது என்றும் எண்ண வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நில ஆமைக்கு டார்ட்டாய்ஸ் என்றும் மற்றவற்றுக்கு டர்ட்டில் என்றும் இரு சொற்கள் இருந்தாலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டுத் தரையில் வாழும் பிரம்பு ஆமையை அவர்கள் டர்ட்டில் என்றே அழைக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரிக்கப்பட்டு, பிறகு பல பத்தாண்டுகள் அறிவியலாளர் கண்ணில் படாமலிருந்த அந்த இனத்தை 1982-இல் மீண்டும் கண்டறிந்தவர் சென்னையில் தம் ஊர்வன ஆய்வுப் பணியைத் தொடங்கிய ஜெ. விஜயா. அவர் நினைவாக அதன் பேரினத்துக்கு 2006-இல் விஜயகெலிஸ் என்று பெயரிடப்பட்டது. இளம் வயதிலேயே மறைந்துவிட்ட அந்த ஆய்வாளரின் பெயர், ஆமைகளைப் பற்றிப் பேசும் எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் ஒருமுறையாவது இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.

சுருக்கமாகச் சொன்னால், பெயரின் இரண்டாம் பகுதியான ஆமை என்பது மிக அகன்ற சொல். இங்கே அதை நில ஆமை என்று குறுக்கிப் புரிந்துகொள்ள வேண்டும்.

நட்சத்திரம் எங்கே இருக்கிறது?

ஆமையின் ஓடு ஒரே துண்டு அல்ல. முதுகை மூடுவது மேலோடு. வயிற்றை மூடுவது அடியோடு. இரண்டும் உள்ளே எலும்பால் ஆனவை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் மேலோட்டுடன் இணைந்தே இருப்பதால், ஆமை ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரும் என்பது நடக்க முடியாத கற்பனை. அந்த எலும்பின் மேல் நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற பொருளாலான தகடுகள் பதிந்திருக்கும். அவற்றைச் செதில் தகடுகள் என்று அழைக்கலாம். மேலோட்டின் நடுவரிசையில் 5 தகடுகளும் அதன் இருபுறங்களிலும் 4 தகடுகள் வீதமும் ஆக 13 பெரிய தகடுகள் இருக்கும். ஓட்டின் விளிம்பைச் சுற்றிச் சிறிய தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும்.

நாம் நட்சத்திரம் என்று சொல்வது ஓட்டின் மீது வரையப்பட்ட ஒரே ஓர் உருவத்தை அல்ல. ஒவ்வொரு பெரிய தகட்டிலும் ஒரு தனி நட்சத்திரம் உண்டு. தகட்டின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். அதிலிருந்து மஞ்சள் கோடுகள் கரும்பழுப்பு நிறத்தின் மேல் எல்லாத் திசைகளிலும் விரியும். விளிம்புத் தகடுகளில் இந்தக் கதிர்கள் பாதியளவே தெரியும்.

இந்த வடிவம் எப்படி உருவாகிறது என்பதே இதில் மிகவும் சுவையான பகுதி. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு இப்போது நாம் காணும் நட்சத்திரம் இருக்காது. அதன் ஒவ்வொரு தகடும், வளர்ந்த ஆமையின் தகட்டில் நடுத்திட்டாக எஞ்சியிருக்கும் அந்தச் சிறு பகுதி மட்டுமே. ஆமை வளர வளர, அந்தத் திட்டைச் சுற்றிலும் புதிய கெரட்டின் வளையம் வளையமாகச் சேர்கிறது. அதாவது தகடு நடுவிலிருந்து பெருப்பதில்லை, விளிம்பில்தான் கூடுகிறது. விளிம்பில் மெலனின் என்ற கருநிறப்பொருள் சேரும் இடம் கருமையாகவும், சேராத இடம் மஞ்சளாகவும் அமைகிறது. நிறம் சேராத இடம் விளிம்பில் தன் நிலையை மாற்றாமல் இருக்க, விளிம்பு மட்டும் வெளிப்புறமாக நகர்ந்துகொண்டே போவதால், அந்த இடம் நாளடைவில் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு மஞ்சள் கோடாகப் பதிவாகிறது. இத்தகைய கோடுகள் பல சேர்ந்தால் நமக்கு நட்சத்திரம். ஆகவே நட்சத்திரம் என்பது அந்த ஆமையின் வளர்ச்சி தன் ஓட்டில் தானே எழுதிக்கொண்ட பதிவு என்றால் அது மிகையல்ல.

இந்த இடத்தில் ஒரு தவறான கருத்தையும் நீக்கிவிடலாம். தகட்டிலுள்ள வளையங்களை எண்ணி ஆமையின் வயதைச் சொல்லிவிடலாம் என்பார்கள். உணவும் மழையும் நன்றாக இருக்கும் காலத்தில் வளர்ச்சி விரைந்தும், பஞ்ச காலத்தில் நின்றும் போவதால் ஓர் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையங்கள் தோன்றலாம். முதிர்ந்த ஆமைகளில் அவை தேய்ந்தும் மறைந்துவிடும். எனவே வளையக் கணக்கு நம்பத்தக்க வயதுக் கணக்கு அல்ல.

நமக்கு அழகாகத் தெரியும் இந்தக் கோடுகள் ஆமைக்கு மறைவிடமாகப் பயன்படுகின்றன. காய்ந்த புல்லின் இடையே ஒளியும் நிழலும் கீற்றுக்கீற்றாக விழும் இடத்தில், மஞ்சளும் கருப்பும் கலந்த கதிர்கள் ஓட்டின் உருண்டை வடிவத்தை உடைத்துக் காட்டுவதால், அங்கே ஓர் உடல் இருப்பதே கண்ணுக்கு எளிதில் தென்படாது. வெறும் மேசையின் மேல் வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும் அதே ஓடு புதர்க்காட்டில் காணாமல் போகிறது.

அதே கோலம், வேறு ஆமைகள்

கதிர் விரியும் ஓடு இந்த ஓர் ஆமைக்கு மட்டும் உரியது அல்ல. மியான்மரின் வறண்ட நடுப்பகுதியில் பர்மிய நட்சத்திர ஆமை வாழ்கிறது. மடகாஸ்கர் தீவின் தென்பகுதியில் கதிர் ஆமை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் வடிவியல் ஆமை என்று அழைக்கப்படும் சிறிய இனம் ஒன்று இருக்கிறது. மூன்றும் நில ஆமைகள். மூன்றின் தகடுகளிலும் மஞ்சள் கதிர்கள் உண்டு. படத்தை மட்டும் பார்ப்பவர் எல்லாவற்றையும் நட்சத்திர ஆமை என்றே சொல்லிவிடுவார்.

தனித்து நட்சத்திர ஆமை என்று தமிழில் எழுதும்போது அது இந்திய நட்சத்திர ஆமையையே குறிக்கிறது. மலையாளம், கன்னடம், தெலுங்கு மொழிகளிலும் நட்சத்திரம் என்ற சொல்லை முன்னிட்டே இதற்குப் பெயர் வழங்குகிறது. இது இயற்கையாக வாழும் பகுதிகள் மூன்று: குஜராத், ராஜஸ்தான், அவற்றை ஒட்டிய பாகிஸ்தானின் சிந்து மாகாணம் சேர்ந்த வடமேற்குப் பகுதி, தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளத்தின் மறையூர் அருகேயுள்ள சின்னார் சரணாலயம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதி, இலங்கையின் உலர் வலயம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பிரிந்திருக்கின்றன.

இதன் மிக நெருங்கிய உறவு பர்மிய நட்சத்திர ஆமைதான். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் வேறுபடுத்த எளிய வழி ஆமையின் அடியோட்டைப் பார்ப்பது. இந்திய இனத்தின் அடியோட்டிலும் கதிர்க்கோடுகள் இருக்கும்; பர்மிய இனத்தின் அடியோட்டில் கோடுகளுக்கு மாறாகக் கரும் திட்டுகள் இருக்கும். மேலோட்டிலும் பர்மிய இனத்தில் கதிர்கள் ஒரு தகட்டில் ஆறுக்கு மிகாமல் ஒழுங்காக அமையும். இந்திய இனத்தில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

பதிவேட்டில் நட்சத்திரம் இல்லை

இந்திய நட்சத்திர ஆமையின் அறிவியல் பெயர் ஜியோகெலோனே எலிகன்ஸ். கிரேக்கத்தில் ஜியோ என்றால் நிலம், கெலோனே என்றால் ஆமை. ஆக, பேரினப் பெயருக்குப் பொருள் நில ஆமை. இலத்தீனில் எலிகன்ஸ் என்றால் நேர்த்தியானது. நமக்கு வேண்டிய நிலம் என்ற குறிப்பு இந்தப் பெயரில் இருக்கிறது, நட்சத்திரம் என்ற குறிப்பு இல்லை.

நட்சத்திரம் ஒருகாலத்தில் அந்தப் பெயரில் இருந்தது. ஜெர்மானிய இயற்கையியலாளர் ஷோப்ஃப் 1795-இல் இந்த ஆமைக்கு எலிகன்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார். 1812-இல் ஷ்வைகர் என்ற மற்றொரு ஜெர்மானியர் ஸ்டெல்லாட்டா என்ற பெயரை வழங்கினார். இலத்தீனில் அதற்கு நட்சத்திரம் பொறித்தது என்று பொருள். பொருத்தம் பார்த்தால் இரண்டாவது பெயரே நிலைத்திருக்க வேண்டும். ஆனால் ஓர் இனத்துக்கு முறைப்படி முதலில் வெளியிடப்பட்ட பெயரே செல்லும் என்பது விலங்குப் பெயரிடலின் அடிப்படை விதி. இதை முந்துரிமை விதி என்பார்கள். ஆகவே எலிகன்ஸ் நிலைத்தது, ஸ்டெல்லாட்டா வழக்கிழந்தது. அறிவியல் பெயரின் வேலை ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சுட்டுவது. விவரிப்பது அதன் கட்டாயக் கடமை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இன்னும் வியப்பானது என்னவென்றால், மடகாஸ்கர் கதிர் ஆமையின் பேரினப் பெயர் ஆஸ்ட்ரோகெலிஸ். அதற்குப் பொருள் நட்சத்திர ஆமை!

எலிகன்ஸ் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் விற்கப்படும், கண்ணின் பின்புறம் சிவப்புக் கீற்றுடைய அமெரிக்க நன்னீர் ஆமையின் முழுப்பெயர் ட்ராக்கெமிஸ் ஸ்கிரிப்டா எலிகன்ஸ். இதில் மூன்றாம் சொல் இனத்துக்குள் உள்ள ஒரு துணையினத்தைக் குறிக்கிறது. நட்சத்திர ஆமைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை; ஒன்று நம் புதர்க்காட்டு நில ஆமை, மற்றது கடல் கடந்து வந்த நீர் ஆமை. முதற்சொல்லையும் சேர்த்துப் படித்தால்தான் பெயர் முழுமை பெறும்.

இதுவரை பார்த்தவற்றின் சாரம் இது: நட்சத்திர ஆமை என்பது தகட்டுக் கோலத்தைக் கண்டு மக்கள் வைத்த பொதுப்பெயர், அது சிறப்பாக இந்திய இனத்தையும், அடைமொழியுடன் பர்மிய இனத்தையும் குறிக்கும், ஐயம் எழும்போது இருசொல் அறிவியல் பெயரைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

பெயர் தவறினால் என்ன ஆகும்?

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது நம் பழமொழி. அப்படிச் சொல்லி வந்த நாமே இன்று ஆமை வீட்டுக்கு ராசி என்று நம்பி விலை கொடுத்து வாங்குவதைப் பார்க்கும்போது, இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் அந்தப் பிராணியோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பது தெளிவாகிறது. ஆனால் பின்னதன் விளைவு கொடியது. தென்னிந்தியாவில் நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படும் ஒரே ஒரு பகுதியை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு, அங்கிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் எடுக்கப்படுவதாக மதிப்பிட்டது. மெதுவாக வளர்ந்து பல ஆண்டுகள் கழித்தே இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் ஒரு பிராணியால் இந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2016-இல் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமையைப் பிடிப்பதையும் விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. நாடுகளுக்கிடையேயான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை, 2019-இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் இதைத் தன் முதற்பட்டியலுக்கு உயர்த்தியது. முதற்பட்டியலில் உள்ள, காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட உயிரினங்களை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல அனுமதி இல்லை. பர்மிய நட்சத்திர ஆமை 2013-லேயே அந்தப் பட்டியலுக்குச் சென்றுவிட்டது. இந்தப் பட்டியல்கள் அறிவியல் பெயரைக் கொண்டே எழுதப்படுகின்றன. சோதனைச் சாவடியில் ஒருவர் இது வேறு ஆமை என்று வாதிட்டால், அதிகாரிக்குத் துணை நிற்பது அடியோட்டின் கோடுகளும் அந்த இருசொல் பெயருமே.

எழுதும்போதும் பேசும்போதும்

பொதுவான பேச்சில் நட்சத்திர ஆமை என்று சொன்னால் போதும். எழுத்தில், குறிப்பாகச் செய்தியிலும் பாடநூலிலும், முதல் முறை குறிப்பிடும்போது இந்திய நட்சத்திர ஆமை என்று முழுமையாக எழுதி, அது நில ஆமை என்ற ஒரு சொல்லையும் சேர்த்துவிடுவது நல்லது. மடகாஸ்கர் இனத்தைக் கதிர் ஆமை என்றே எழுத வேண்டும். அழகுக்காக அதை நட்சத்திர ஆமை என்று மாற்றக் கூடாது. ஆமைகளைக் காட்டும் படங்களில் தொட்டி நீரில் நீந்தும் அமெரிக்க ஆமைக்கு நட்சத்திர ஆமை என்ற தலைப்பு இடுவது முற்றிலும் தவறு.

சாலையோரத்தில் இந்த ஆமையைக் கண்டால் அதை நீரில் விட வேண்டாம், வீட்டுக்கும் எடுத்துச் செல்ல வேண்டாம். சாலையைக் கடந்துகொண்டிருந்தால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே எதிர்ப்புறப் புதரின் நிழலில் இறக்கிவிடலாம். காயம்பட்டிருந்தாலோ, நகரத் தெருவில் கிடந்தாலோ, யாரேனும் வளர்த்துக் கைவிட்டது என்று தோன்றினாலோ, பக்கத்திலுள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்கும்போது ஓர் ஆமை கிடக்கிறது என்று மட்டும் சொல்லாமல், ஓட்டில் மஞ்சள் கதிர்கள் உள்ள நில ஆமை என்று சொன்னால், வருகிறவர்கள் தொட்டியும் தண்ணீரும் எடுத்து வராமல் காற்றோட்டமுள்ள உலர்ந்த பெட்டியுடன் வருவார்கள்.